கல்லில் எழுதிய மருந்துப் பட்டியல்
உத்திரமேரூரிலிருந்து பார்த்தால் தெரியும் தமிழக மருத்துவச் சீர்திருத்தம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது திருமுக்கூடல். உத்திரமேரூர் வட்டாரத்துக்காரர்களுக்குப் பக்கத்து ஊர். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலோடு சேர்ந்து இயங்கிய கல்விச்சாலை, விடுதி ஆகியவற்றின் செலவுக் கணக்கோடு, ‘வீரசோழன்’ என்ற பெயரில் நடந்த ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையின் கணக்கையும் அது சொல்கிறது. 15 படுக்கைகள். நோய் பார்க்க ஒரு மருத்துவர், சல்லியக்கிரியை என்னும் அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பது வரை எழுதியிருக்கிறார்கள். இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் கூடக் கணக்கில் வருகிறது. தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று, இருப்பில் வைத்திருக்க வேண்டிய சுமார் இருபது மருந்துகளின் பெயர்களும் அங்கே உண்டு.

இந்தக் கல்வெட்டைப் பழம்பெருமை பேசப் பயன்படுத்துவது எளிது. ஆனால் அந்த 15 படுக்கைகளும் கல்விச்சாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமானவை. ஆற்றங்கரையில் ஏர் ஓட்டியவருக்கும் சேரியில் இருந்தவருக்கும் அந்தக் கதவு திறந்திருந்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. இன்றைக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளை இதே சுவர்தான் எழுப்புகிறது. மருத்துவர் இருக்கிறாரா? மருந்து இருக்கிறதா? செலவு யாருடையது? யாருக்கெல்லாம் கதவு திறக்கும்? இந்தக் கேள்விகளை வைத்து, கடந்த நூறாண்டில் தமிழ்நாடு செய்த மருத்துவச் சீர்திருத்தங்களை ஓர் எளிய கிராமப்புற வட்டாரத்தில் நின்று மதிப்பிட முயல்கிறது இக்கட்டுரை. 73 ஊராட்சிகள் கொண்ட உத்திரமேரூர் ஒன்றியம் அதற்குப் பொருத்தமான இடம். ஏரிப் பாசனம், கல் குவாரி, நூறு நாள் வேலை, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் விடியற்காலையில் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் எல்லாம் கலந்த வாழ்க்கை இங்கே.

மாநிலத்தின் கையில் இருப்பது

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், பொதுச் சுகாதாரம், துப்புரவு, மருத்துவமனைகள், மருந்தகங்கள் ஆகியவை மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு கிராமத்துக்காரரின் காய்ச்சலுக்கு முதல் பொறுப்பு சென்னையில் இருக்கும் அரசுடையது. திட்டத்தின் பெயரில் பிரதமர் இருந்தாலும் முதல்வர் இருந்தாலும், செவிலியரை நியமிப்பதும் மருந்தை வாங்குவதும் கட்டடம் கட்டுவதும் மாநிலம்தான்.

இந்தப் பொறுப்பைச் சென்னை மாகாணம் சீக்கிரமே உணர்ந்தது. 1920களிலேயே நோய் தீர்க்கும் துறையிலிருந்து நோய் தடுக்கும் துறையைப் பிரித்துத் தனி இயக்ககம் அமைத்தது. 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது; இந்தியாவில் அப்படியொரு விரிவான சட்டம் வந்தது அதுவே முதல் முறை. அந்தப் பிரிவினையின் பலன் இன்றும் தெரிகிறது. பல மாநிலங்களில் அறுவை சிகிச்சை நிபுணரோ மகப்பேறு நிபுணரோ பதவி உயர்வில் மாவட்டச் சுகாதார அலுவலர் ஆகிவிடுவார். தமிழ்நாட்டில் ஆரம்பச் சுகாதார நிலையம், தடுப்பூசி, கொசு ஒழிப்பு, குடிநீர்ச் சோதனை ஆகியவற்றைப் பார்ப்பதற்கென்றே தனிப் பணித்தொகுதி உண்டு. கிராமத்து ‘நர்ஸம்மா’ வரை நீளும் ஏணி அது.

ஒரு மாநிலம் முன்னே போய்ப் பிறகு நாடு பின்தொடர்வது உலகத்துக்குப் புதிதல்ல. கனடாவில் கோதுமை விளையும் சஸ்காட்செவன் என்ற மாகாணம், டாமி டக்ளஸ் முதல்வராக இருந்தபோது 1947இல் எல்லோருக்கும் மருத்துவமனைக் காப்பீடு கொண்டுவந்தது. 1962 ஜூலையில் அதை மருத்துவர் கட்டணத்துக்கும் விரித்தபோது மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு பின்வாங்கவில்லை. நான்கே ஆண்டில், 1966இல், கனடா முழுமைக்குமான சட்டம் வந்தது. தமிழ்நாட்டுக்கும் அப்படியொரு கதை உண்டு. அது காப்பீட்டில் தொடங்கவில்லை, மாத்திரையில் தொடங்கியது.

மருந்துக் கழகம்: சத்தமில்லாத புரட்சி

1990களின் தொடக்கம் வரை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு ஒரு காட்சி பழக்கம். டாக்டர் பார்ப்பார், சீட்டு எழுதுவார், “வெளியில வாங்கிக்கோங்க” என்பார். ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக மருந்துக் கடைகள். ஆலோசனை இலவசம், மருந்து காசுக்கு. மருந்து வாங்கும் நடைமுறையில் இருந்த ஓட்டைகளும் முறைகேடுகளும் வெளியே வந்த பிறகு, 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. 1995 ஜனவரியில் வழங்கலை ஆரம்பித்தது. அன்றைய சுகாதாரச் செயலர் ஆர். பூரணலிங்கம் அதன் வடிவமைப்பில் முக்கியமானவர்.

கழகம் செய்தது எளிமையான காரியம். தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில், மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரியது. முதலில் தகுதி உறை, அதில் தேறியவர்களுக்கு மட்டும் விலை உறை. மாவட்டந்தோறும் கிடங்கு. வந்து இறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனியின் அடையாளத்தை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தேறிய பிறகே மருந்து வெளியே போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஆண்டுக்கான தொகை வரவு வைக்கப்படும்; எடுக்கும் மருந்தின் மதிப்பு கழிக்கப்படும். எங்கே எந்த மாத்திரை அதிகம் போகிறது, எங்கே தேங்குகிறது என்பது கணினியில் தெரியும். மாத்திரைப் பட்டையிலேயே தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்தார்கள். வெளிக் கடைக்குப் போனால் காட்டிக்கொடுத்துவிடும்.

திருமுக்கூடல் சுவரில் இருந்த மருந்துப் பட்டியலின் இன்றைய வாரிசு இந்தப் பாஸ்புக். விலை பெருமளவு குறைந்தது. அதைவிட முக்கியம், கிராமத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இதே போன்ற கழகங்களை அமைத்தன. நோயாளியின் செலவைக் குறைக்க அரசுகள் எடுத்த நடவடிக்கைகளில், செலவழித்த ரூபாய்க்கு அதிகப் பலன் தந்தது இதுவாகத்தான் இருக்கும். தேர்தல் மேடையில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மருந்து இருக்கும்வரை அதைப் பற்றிப் பேச எதுவுமில்லை என்பதும் ஒரு காரணம்.

பேறுகாலம்: மூன்று செவிலியர் செய்த மாற்றம்

இரண்டாவது வெற்றி பிரசவத்தில். பகலில் மட்டும் திறந்திருக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்தால் கர்ப்பிணிக்குப் பயனில்லை. வலி நேரம் பார்த்து வருவதில்லை. 2000களின் நடுவில், ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று செவிலியர்களை நியமித்து, முறை வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து வைத்தார்கள். கூடவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி. 1987இல் சிறு தொகையாகத் தொடங்கியது, 2006இல் 6,000 ரூபாயாகவும் 2011இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்து, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் ஆனது. கர்ப்ப காலத்தில் வேலைக்குப் போக முடியாத கூலிப் பெண்ணுக்கு இழந்த கூலியில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது இதன் நோக்கம். சிகிச்சைக் கட்டணத்தைத் தாண்டி, நோயால் போகும் கூலியையும் செலவாகக் கணக்கிட்ட அபூர்வமான திட்டம் இது.

எண்கள் இதற்குச் சாட்சி. 2000ஆம் ஆண்டில் ஆயிரம் பிறப்புக்கு 51 ஆக இருந்த குழந்தை இறப்பு, 2020இல் 13 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டு இந்திய சராசரி 28. லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 2018–20 காலத்தில் 54, இந்தியாவில் 97. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. மூன்றில் இரண்டு அரசு மருத்துவமனையில்.

அதே கணக்கெடுப்பு ஒரு கசப்பையும் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியாரில் மட்டும் எடுத்தால் 63.8. நாட்டு சராசரி 21.5. கதவு திறந்துவிட்டது. உள்ளே நடப்பது தேவையான சிகிச்சைதானா என்று கேட்க வேண்டிய கட்டத்துக்கு வந்திருக்கிறோம்.

காப்பீடு: கொடுத்ததும் கொடுக்காததும்

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு நான்காண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய். ஆட்சி மாறியதும் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று மறுபிறவி எடுத்து, ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆனது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து ஐந்து லட்சம் ஆனது. இதய அறுவை, சிறுநீரக மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை என்று, முன்பு நிலத்தை விற்றாலும் எட்டாதவை ஏழைக்கு எட்டின. அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் சேர்ந்திருப்பதால், காப்பீட்டுப் பணத்தில் ஒரு பங்கு அவற்றுக்கே கருவியாகவும் வசதியாகவும் திரும்புகிறது. பிற மாநிலங்களைவிடத் தமிழ்நாடு இதில் தெளிவாக நடந்துகொண்டது.

ஆனால் கிராமத்தில் நின்று பார்த்தால் காப்பீட்டு அட்டையின் ஓரங்கள் தெரியும். முதலாவது, படுக்கையில் சேர்ந்தால்தான் அட்டைக்கு வேலை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூட்டு வலிக்கும் மாதாமாதம் ஆகும் செலவை அது தொடாது. ஏழைக் குடும்பத்தை ஒரே அடியில் வீழ்த்துவது அறுவை சிகிச்சை; கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பது இந்த மாதச் செலவு.

இரண்டாவது, தகுதி. ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாய், பின்னர் 1,20,000. நாள் கூலி 400 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் ஒரே ஆளின் சம்பாத்தியம் சரியாக 1,20,000 ஆகிவிடும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் உண்மையான கணக்கைச் சொன்னால் அட்டை கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றில் உள்ள எண் எவ்வளவு உண்மை என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். பொய் சொன்னால்தான் உரிமை கிடைக்கும் என்ற நிலையில் ஒரு நல்ல திட்டத்தை வைத்திருப்பது சரியல்ல.

மூன்றாவது, காகிதம். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று, பிறகு பதிவுக்காக மாவட்டத் தலைநகருக்கு ஒரு நாள் பயணம். ஏரிக்கரையிலும் சவுக்குத் தோப்போரத்திலும் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்களில் சாதிச் சான்றுக்கே ஆண்டுக்கணக்காக நடப்பவர்கள் உண்டு. வேலை தேடி செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் இடம் மாறிக்கொண்டிருப்பவர்களுக்கு நிலையான முகவரி இல்லை. அதிகம் தேவைப்படுபவருக்கு அட்டை கடைசியில் போய்ச் சேர்கிறது.

நான்காவது, கம்பெனி பஸ்ஸில் போகும் இளைஞர்கள். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, தொழிலாளியிடமிருந்து 0.75 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 3.25 விழுக்காடும் பிடிக்கிறார்கள். ஆனால் ஒப்பந்ததாரர் மூலம் ஆறு மாதம் ஒரு கம்பெனி, ஆறு மாதம் இன்னொரு கம்பெனி என்று மாறுகிறவருக்கு, சம்பளத்தில் பிடித்தம் தொடர்ந்தாலும் சிகிச்சை தொடர்வதில்லை. கல் குவாரியில் தூசு விழுங்குகிறவருக்குப் பெரும்பாலும் அந்தப் பிடித்தமும் கிடையாது.

வீட்டு வாசலுக்கு வந்த மாத்திரை

தொற்றா நோய்களைக் கணக்கெடுக்க 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வு ஓர் அதிர்ச்சி தந்தது. வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம், அவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள். சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காட்டினருக்கே கட்டுக்குள். மருந்துக் கழகம் இருக்கிறது, மாத்திரை இலவசம், பின் ஏன் இந்த நிலை? மாத்திரை வாங்க மாதம் ஒரு நாள் கூலியை விட வேண்டும். வலிக்காத நோய்க்கு யார் ஒரு நாள் கூலியை விடுவார்கள்?

மக்களைத் தேடி மருத்துவம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டத்தில், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் வீடு வீடாகப் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறை மருத்துவரும் வலி தணிக்கும் செவிலியரும் வருகிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது. அடுத்த சுற்று ஸ்டெப்ஸ் ஆய்வில் கட்டுப்பாட்டு அளவு ரத்த அழுத்தத்துக்கு 17 விழுக்காடாகவும் சர்க்கரைக்கு 16.7 விழுக்காடாகவும் உயர்ந்திருந்தது. முன்னேற்றம்தான். ஆறு பேரில் ஐவருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை என்பதையும் அதே எண்தான் சொல்கிறது.

இதற்கு முன்பே, 2017 வாக்கில், சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் ஒரு சோதனை நடந்தது. கிராமத் துணைச் சுகாதார நிலையத்துக்குக் கூடுதல் செவிலியரும் மருந்தும் சோதனைக் கருவியும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறெடுத்தும் பார்க்காத இடத்துக்கு மக்கள் வரத் தொடங்கினார்கள். தனியாரிடம் போவதும் கையை விட்டுச் செலவழிப்பதும் குறைந்தன. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த வி.ஆர். முரளீதரன் முதலியோர் இதை ஆராய்ந்தார்கள். பாடம் தெளிவு: மக்கள் சின்ன ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போவது பெரிய ஆஸ்பத்திரி மீது மோகம் கொண்டு அல்ல, சின்ன ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லாததால்.

‘எழுதிக் கொடுத்துட்டாங்க’

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நோயாளியின் நிலை மோசம் என்பதை ஒரே சொல்லில் சொல்வார்கள்: “செங்கல்பட்டுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க.” மேல் சிகிச்சைக்குப் பரிந்துரை என்பதன் ஊர்ப் பெயர் அது. எழுதிக் கொடுத்த நிமிடத்திலிருந்து குடும்பத்தின் செலவு வேறு கணக்காகிவிடும்.

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. அரசு மருத்துவமனை ஊரிலேயே உண்டு. அதற்கு மேல் என்றால் முப்பது கிலோமீட்டர் அளவில் காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனை, இல்லையேல் ஏறத்தாழ அதே தொலைவில் செங்கல்பட்டு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கியது. இந்த வட்டாரத்துக்குப் பல தலைமுறையாக ‘பெரியாஸ்பத்திரி’ என்றால் அதுதான். 2019 நவம்பர் 29ஆம் தேதி மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது கல்லூரி புதிய செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது. பெயரை வைத்திருந்த காஞ்சிபுரம் மாவட்டம், அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டமாகிவிட்டது. 2022 ஜனவரியில் மாநிலத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோதும் அந்தப் பட்டியலில் காஞ்சிபுரம் இல்லை. புற்றுநோய்க்கு மட்டும் இந்த மாவட்டத்துக்கு ஒரு கொடுப்பினை: காரப்பேட்டையில் அண்ணா பெயரில் அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை. அந்நோயால் 1969இல் மறைந்த காஞ்சி மண்ணின் மகனுக்கு அது பொருத்தமான நினைவுச் சின்னம்.

எழுதிக் கொடுக்கப்பட்டவருக்குக் கட்டில் இலவசம், மருந்து இலவசம், அறுவையும் இலவசம். கூட இருப்பவருக்கு? இரவு தங்க வராந்தா, மூன்று வேளைச் சாப்பாடு, ஆட்டோ, ஓயாமல் ஊருக்குப் பேசும் போன், பத்து நாள் இருவரின் கூலி. வீட்டில் ஆடு மாடு பார்க்க ஆள் இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. எந்தக் காப்பீட்டு அட்டையும் இதைப் பார்ப்பதில்லை. 2017–18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஒருமுறை அரசு மருத்துவமனையில் சேர்ந்தால் சராசரி மருத்துவச் செலவு 4,290 ரூபாய், தனியாரில் 27,347. ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனாலும் அந்த 4,290, இலவசமாக இருக்க வேண்டிய இடத்தில் ஆன செலவு. செலவைச் சமாளிக்கக் கிராமப்புறக் குடும்பங்கள் முதலில் கை வைப்பது சேமிப்பில், அடுத்தது கடனில்.

தொலைவைக் குறைக்க அரசு செய்தவையும் இருக்கின்றன. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுகாதாரத் துறையின் கணக்கில் வராத இது, மாதச் சோதனைக்குப் போகும் பெண்களுக்கு உண்மையில் ஒரு மருத்துவத் திட்டம். 2021 டிசம்பர் 18ஆம் தேதி பக்கத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, எந்த ஊர்க்காரர், என்ன வருமானம் என்று கேட்காமல் அரசு செலவில் தருகிறது. வருமானச் சான்று கேட்காமலும் ஒரு திட்டத்தை நடத்த முடியும் என்பதற்கு அதுவே சான்று. விபத்துக்கு முடிகிறது என்றால் மாரடைப்புக்கும் பாம்புக்கடிக்கும் ஏன் முடியாது?

ஆள் எங்கே?

கட்டடமும் மருந்தும் இருந்தாலும் ஆள் வேண்டும். தமிழ்நாடு இங்கே ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு வைத்திருந்தது. அரசுப் பணியில், குறிப்பாகக் கிராமத்தில், வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் பாதி இடம். கிராமத்துக்குப் போனால் நிபுணர் ஆகலாம் என்ற ஆசையே இளம் டாக்டரைக் கிராமத்துக்கு இழுத்துவந்தது. 2017இல் அகில இந்திய விதிமுறையால் அந்த ஒதுக்கீடு உடைந்தது. மாநிலங்கள் இதைத் தரலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்த பிறகு, அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அதை மீண்டும் கொண்டுவந்தது. அதே ஆண்டில்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் வந்தது. உத்திரமேரூர் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை டாக்டராகித் திரும்பி வருவதற்கான வாய்ப்பு, கிராம மருத்துவத்துக்கு நீண்ட கால முதலீடு.

ஆனால் ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவர்கள் நிலை வேறு. பிரசவ வெற்றியைச் சாதித்த செவிலியர்களில் பெரும் பகுதியினர் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டு, பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள். வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் தன்னார்வலருக்குக் கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. திருமுக்கூடல் கல்வெட்டு நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும் மூலிகை கொண்டுவந்தவருக்கும் ஆண்டு வருவாயை உறுதி செய்து கல்லில் வெட்டியது. ஆயிரம் ஆண்டு கழித்து நாம் அதை ஒப்பந்தத் தாளில் எழுதி ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம்.

எதில் செலவழிப்பது?

இதுவரை சொன்னவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. தமிழ்நாட்டின் வலுவான வெற்றிகள் எல்லாம், அரசு தானே வாங்கி, தானே நியமித்து, ஊருக்கு அருகில் கொண்டுவந்து கொடுத்தவை: மருந்து, செவிலியர், பேறுகாலக் கவனிப்பு. காப்பீடு அவற்றுக்கு மேல் கட்டிய மாடி. மாடி நல்லதுதான். ஆனால் மாடியின் அழகைப் பார்த்து அடித்தளத்துக்கான பணத்தை அங்கே திருப்பிவிட்டால், வீடு தாங்காது.

இதற்கு மறுப்பு உண்டு. துணைச் சுகாதார நிலையத்தில் என்ன செய்தாலும் மக்கள் தனியாரிடம்தான் போகிறார்கள், எனவே அட்டையைக் கொடுத்து விருப்பமான இடத்தில் பார்க்கச் சொல்வதே மேல் என்பார்கள். உத்திரமேரூரில் அந்த விருப்பத்துக்கு என்ன பொருள்? காப்பீட்டில் சேர்ந்த பெரிய தனியார் மருத்துவமனைகள் காஞ்சிபுரத்திலும் சென்னைப் புறநகரிலும் இருக்கின்றன. அட்டையோடு போகும் குடும்பத்துக்குத் தொலைவு குறைவதில்லை, கூடுகிறது. எந்தச் சோதனை தேவை, எந்த அறுவை தேவை என்று பேரம் பேசவும் நோயாளியால் முடியாது. சிசேரியன் எண்ணிக்கை அதைத்தான் காட்டுகிறது. தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்து முறைப்படுத்த 1997இலேயே மாநிலம் சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் வர 2018 ஆனது. கட்டணத்தைத் தொடும் துணிவு இன்னும் வரவில்லை.

ஆகவே அடுத்த கட்டச் சீர்திருத்தத்தை ஒரே அளவுகோலால் அளக்கலாம்: ஒரு சிகிச்சைக்காக ஒரு குடும்பம் எத்தனை நாள் கூலியை இழக்கிறது? அந்த எண்ணைக் குறைக்கும் செலவு நல்ல செலவு. அதன்படி முதல் வேலை, உத்திரமேரூர் போன்ற வட்டார மருத்துவமனைகளில் எலும்பு முறிவு, மகப்பேறு, குழந்தை நலம், மயக்க மருந்து ஆகிய துறைகளின் நிபுணர்களை முழு நேரமும் நிரப்பி, ரத்த வங்கி வசதியோடு இணைத்து, எழுதிக் கொடுக்கும் சீட்டுகளைக் குறைப்பது. இரண்டாவது, காப்பீட்டுக்கு வருமான வரம்பை எடுத்துவிட்டு ரேஷன் அட்டையையே அட்டையாக ஏற்பது. இருளர் போன்றோருக்குப் பதிவை அவர்கள் குடியிருப்பிலேயே செய்வது. மூன்றாவது, மேல் மருத்துவமனைகளில் உடனிருப்பவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும். நான்காவது, காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி. ஐந்தாவது, செவிலியர் முதல் வீடு தேடிவரும் தன்னார்வலர் வரை நிலையான ஊதியம்.

இவற்றில் எதுவும் தானாக வராது. கேட்க வேண்டும், கேட்பதற்குக் கணக்கு தெரிய வேண்டும். இதே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்க்க இன்றும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுத்ததைத்தான் பெரிதாகச் சொல்கிறோம். அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது.

இன்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எத்தனை மருத்துவர் இடம், எத்தனை நிரம்பியிருக்கிறது, எந்த மருந்து எத்தனை நாளாக இல்லை, சென்ற மாதம் எத்தனை பேரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள் என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். பதிலை நிலையத்தின் வெளிச்சுவரில் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்கச் சொல்லுங்கள். திருமுக்கூடலில் அப்படி எழுதி வைத்திருந்தார்கள்.